கேமராவிலிருந்து லேப்டாப்புக்குப் படம் இறக்க எந்த இலவச மென்பொருள்?

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியை நான் எடுத்த படங்களில் நாற்பது இன்று என்னிடம் இல்லை. கார்டு கெடவில்லை, லேப்டாப்பில் தண்ணீர் போகவில்லை, யாரும் திருடவும் இல்லை. அடுத்த வாரம் எடுத்த ஒரு கல்யாணப் படங்களை அதே ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட்டேன், ‘இதே பெயரில் படம் இருக்கிறது, மாற்றிவிடவா?’ என்று விண்டோஸ் கேட்டது, தூக்கக் கலக்கத்தில் மாற்று என்று நானே தட்டினேன். பூக்குழியில் இறங்கிய கங்காணி வீட்டுத் தாத்தா இருந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் காசு கேட்காத மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட், பழைய ரப்பர் தோட்டம், இப்போது சுற்றிலும் செம்பனை. வீட்டில் இணையம் மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. அதனால் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடு என்கிற யோசனை எனக்குச் சரிப்படாது. படம் என் லேப்டாப்பில் இருக்க வேண்டும், ஒரு நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

முதலில் அந்தப் பெயர் விவகாரம். கார்டைத் திறந்தால் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 100 என்று தொடங்கும் இன்னொன்று, அதற்குள் படங்கள். இது எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொண்ட விதிமுறை. படத்தின் பெயர் எட்டே எழுத்து: கேனான் என்றால் ஐஎம்ஜி என்று தொடங்கும், நிக்கானும் சோனியும் டிஎஸ்சி, கடைசியில் நான்கு இலக்க எண். எண் 9999 வரை போய் மறுபடி 0001-க்கு வந்துவிடும். கார்டு மாற்றும்போதெல்லாம் எண்ணை முதலிலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்துவிடும், என் கேமரா அப்படித்தான் இருந்திருக்கிறது. என் மச்சானிடமும் கேனான்தான், இரண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போனால் ஒரே பெயரில் இரண்டு கூட்டம் படம். ஆகவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் கேட்பது இவ்வளவுதான்: படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் வைத்துப் பெயரை மாற்றுமா, ஏற்கெனவே இறக்கியதை அடையாளம் தெரிந்து விட்டுவிடுமா, முடிந்தால் இன்னொரு நகலையும் அதே நேரத்தில் போடுமா. வேகம், அழகு எல்லாம் அப்புறம்.

மென்பொருளுக்கு முன்னால் கேபிளா கார்டு ரீடரா என்பதையும் முடித்துவிடலாம். ரீடர் வாங்குங்கள். கேனான் டிஎஸ்எல்ஆரைக் கேபிளில் மாட்டினால் அது தனி டிரைவாகத் தெரியாது, பிடிபி என்கிற முறையில்தான் பேசும், அதனால் டிரைவ் எழுத்தைத் தேடுகிற மென்பொருள்களுக்குக் கேமரா கண்ணிலேயே படாது. போதாததற்கு கேமராவின் பேட்டரி பாதியில் போகும் பயம். ரீடரிலும் பழையதை எடுக்காதீர்கள். 32 ஜிபி கார்டு நிறைந்திருந்தால், விநாடிக்கு 20 எம்பி போகிற பழைய ரீடரில் சுமார் 27 நிமிடம், 80 எம்பி போகிற யுஎஸ்பி 3 ரீடரில் 7 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இன்னொன்று, 64 ஜிபி கார்டை மிகப் பழைய ரீடரில் செருகினால் ‘இதை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் சொல்லும். கார்டில் ஒன்றும் ஆகியிருக்காது, ரீடருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. பதறிப்போய் ஓகே கொடுத்துவிடாதீர்கள்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக. வெறும் காப்பி பேஸ்ட்டைக் கேவலமாகப் பேச மாட்டேன், பத்து வருடம் அதில்தான் ஓட்டினேன். ஆனால் அதற்குப் படம் என்றால் என்னவென்றே தெரியாது, அரிசி மூட்டையும் அதற்கு ஒன்றுதான், படமும் ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் புது ஃபோல்டர் திறந்து, தேதியும் விசேஷத்தின் பெயரும் போட்டு, அதில் இறக்கினால் ஆபத்து இல்லை. ஒரே பெயர் என்று சண்டை வந்தால் மூன்றாவதாக ஒப்பிட்டுப் பார் என்று ஒரு வழி காட்டும், அதில் இரண்டு பக்கமும் டிக் போட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளும். கட் செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். டெராகாப்பி என்று ஒன்று இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம், காப்பி ஆனதும் மூலமும் நகலும் ஒன்றுதானா என்று சரிபார்த்துச் சொல்லும். பெயர் மாற்ற வேண்டாம், பத்திரமாகப் போனால் போதும் என்கிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

விண்டோஸோடு வரும் போட்டோஸ் இரண்டாவது. பெரியம்மா வீட்டில் இதைத்தான் வைத்துக் கொடுத்தேன், ஏனென்றால் அவர்கள் எதையும் புதிதாக இறக்கி நிறுவ வேண்டியதில்லை. கார்டைச் செருகி இம்போர்ட் தட்டினால் போதும், பதிப்பைப் பொறுத்து வருடம், மாதம் பார்த்து ஃபோல்டரும் பிரித்துக்கொள்ளும். குறை என்னவென்றால் படத்தின் பெயரை அப்படியே விட்டுவிடும். ரா என்கிற, கேமரா பதப்படுத்தாத மூலப் படம் எடுப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் இலவசத் துணைநிரல் ஒன்றையும் போட வேண்டி வரலாம். இம்போர்ட் ஆனதும் கார்டிலிருந்து அழித்துவிடவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், பெரியம்மாவிடம் அதைக் காட்டவே இல்லை. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு ரகசியம்: கேமராவைக் கேபிளில் மாட்டி, திஸ் பிசியில் அதன் சின்னத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் பழைய காலத்து இம்போர்ட் பெட்டி ஒன்று திறக்கும், எடுத்த தேதியோடு நாம் கொடுக்கும் பெயரையும் சேர்த்துப் பெயர் வைக்க அதில் வழி இருக்கிறது. புதிதாக வந்ததைவிடப் பழசு கெட்டியாக இருப்பது நம் ஊர் லயத்து வீட்டுப் பலகைக்கு மட்டுமில்லை.

பிக்காசா இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லும் அண்ணன்மார் இருக்கிறார்கள். இருக்கட்டும், எனக்கும் அது பிடித்ததுதான். ஆனால் கூகிள் 2016-இலேயே அதைக் கைவிட்டுவிட்டது, புது லேப்டாப்பில் அதைத் தேடிப் பிடித்துப் போடுவது வீண் வேலை.

கேமராக் கம்பெனிகள் இலவசமாகவே கொடுக்கும் மென்பொருள்களும் உண்டு. கேனானுக்கு ஈஓஎஸ் யுடிலிட்டி, நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். ஒரே கம்பெனிக் கேமராவோடு வாழ்நாளைக் கழிக்கப்போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். என் வீட்டிலோ கேனான் ஒன்று, தங்கையின் சோனி ஒன்று. இரண்டுக்கு இரண்டு மென்பொருள், அது இரண்டும் இரண்டு விதமாக ஃபோல்டர் போடும். ஒரு வாரத்தில் எடுத்தெறிந்தேன்.

அடோபி பிரிட்ஜும் இலவசம்தான், பலருக்கு இது தெரியாது. அதில் போட்டோ டவுன்லோடர் என்று ஒரு பெட்டி, தேதி வாரியாகப் பிரிக்கும், பெயர் மாற்றும், இன்னொரு இடத்தில் நகலும் போடும், நான் கேட்டதில் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் அடோபியில் கணக்குத் திறக்க வேண்டும், அதன் கிரியேட்டிவ் கிளவுட் செயலியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நாலு ஜிபி ரேம் லேப்டாப்பில் அது விருந்தாளி மாதிரி இல்லை, சம்பந்தி மாதிரி.

இனி டிஜிகாம். விண்டோஸில் நான் கடைசியாக நிலைத்தது இதில்தான். திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்; கேடிஇ என்கிற மென்பொருள் குழுவின் வேலை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெரிய கோப்பு, அதனால் டவுனில் நண்பன் கடையில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் இறக்கிக்கொண்டு வந்தேன். முதல் தடவை திறந்தால் படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, தகவல் கிடங்கை எங்கே வைக்க என்று வரிசையாகக் கேட்கும், அங்கேயே பாதிப் பேர் மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், அது தருவதையே ஒத்துக்கொண்டு போனால் போதும்.

கார்டு ரீடரைச் செருகி, இம்போர்ட் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் கார்டில் இருக்கும் எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வரும். இன்னும் இறக்காதவற்றின் மூலையில் புதுசு என்று ஒரு குறி இருக்கும். பழைய படத்தை அழிக்காமல் அதே கார்டில் மூன்று விசேஷம் எடுத்திருந்தாலும் புதியதை மட்டும் இறக்கு என்று ஒரே தட்டு. பக்கத்தில் பெயர் மாற்றும் பகுதி, அதில் வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, கடைசியில் கேமரா வைத்த பழைய பெயர் என்று ஒரு தடவை அமைத்துவிட்டேன். இப்போது தீமிதியும் கல்யாணமும் ஒரே ஃபோல்டரில் ஒன்றாகப் படுத்தாலும் இடிக்காது. கேமரா கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். தங்கையின் கேமராவில் பேட்டரி வெகுநாள் இல்லாமல் கிடந்து தேதி பின்னால் போய்விட்டது, அவள் எடுத்த தைப்பூசப் படமெல்லாம் பல வருடத்துக்கு முந்தைய ஃபோல்டரில் போய் ஒளிந்துகொண்டது. தேதியை மொத்தமாகத் தள்ளிச் சரிசெய்யும் கருவியும் டிஜிகாமிலேயே இருக்கிறது, பத்து நிமிட வேலை.

குறை இல்லாமல் இல்லை. பழைய லேப்டாப்பில் திறப்பதற்குள் முகம் கழுவிவிட்டு வரலாம். விண்டோஸில் கேபிளை நம்ப முடியாது, ரீடர்தான். பொத்தான்கள் செம்பனைக் குலையில் பழம் மாதிரி நெருக்கமாக இருக்கும், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு உங்களுக்கு எந்நாளும் தேவைப்படாது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ரேபிட் போட்டோ டவுன்லோடர் என்று ஒன்று அங்கே மட்டும் இருக்கிறது, படம் இறக்குவதைத் தவிர வேறு எந்த வேலையும் அதற்குக் கிடையாது, அந்த ஒரு வேலையில் டிஜிகாமையே தோற்கடிக்கும். வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு அதற்காகவே வைத்திருக்கிறேன். இரண்டு ரீடரில் என் கார்டும் மச்சான் கார்டும் மாட்டினால் இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கும், இறக்கும்போதே வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு நகல் போடும், போன தடவை எதையெதை எடுத்தேன் என்பதை நான் பெயர் மாற்றியிருந்தாலும் நினைவு வைத்திருக்கும். எனக்கு மிகப் பிடித்தது அதன் காலக்கோடு: படங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து அதுவே கூட்டம் பிரிக்கிறது. காலையில் முகூர்த்தம், மத்தியானம் சாப்பாடு, இரவு மண்டபத்தில் விருந்து என்று மூன்று கட்டாக வந்து நின்றபோது, ‘இதை முன்னாடியே காட்டியிருக்கலாமே மச்சான்’ என்று அவன் கோபித்துக்கொண்டான்.

அதனால் என் கணக்கு இப்படி. புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள விருப்பமில்லாதவர்களுக்கு விண்டோஸ் போட்டோஸ், விசேஷத்துக்கு ஒரு ஃபோல்டர் என்ற பழக்கத்தோடு. இரண்டு கேமரா, நிறையப் படம், விண்டோஸ் என்றால் டிஜிகாம். கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்கிற தம்பிகள் ஒரு பழைய லேப்டாப்பை ஒதுக்கி லினக்ஸ் போட்டுவிடுவது நல்லது. எதைப் போட்டாலும் இறக்கியதும் கார்டை அழிக்கும் வசதியை அணைத்து வையுங்கள், லேப்டாப்பில் நாலைந்து படத்தைப் பெரிதாகத் திறந்து பார்த்து, நகலும் போய்ச் சேர்ந்த பிறகு கேமராவிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளலாம்.

போன நாற்பதில் எட்டு திரும்பக் கிடைத்தது. தீமிதி அன்று ராத்திரியே அடுத்த லயத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், அவர் அழிக்காமல் வைத்திருந்தார். சுருங்கிப்போன படம், தாத்தாவின் முகத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. வாட்ஸ்அப் எடுத்த தேதியையும் உருவிவிட்டிருந்ததால், டிஜிகாம் அந்த எட்டையும் அக்காவிடமிருந்து வாங்கிய நாளில் கொண்டுபோய் வைத்திருந்தது, தேதியைக் கோயில் நோட்டீஸைப் பார்த்து நானே போட்டேன்.