குழந்தைகளுக்கான ஒரு வேதியியல் பெட்டி: சோதனைகள் நன்று, விளக்க அட்டைகள் திருந்த வேண்டும்

குழந்தைகளுக்கு வேதியியலின் அடிப்படைகளைச் சோதனைகள் வழியாகச் சொல்லித் தரும் பெட்டிகள் பல கிடைக்கின்றன. எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று மேலட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் அத்தகைய ஒன்றை வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முழுவதுமாகச் செய்து பார்த்தபின் இதை எழுதுகிறேன். பெட்டியில் உள்ள பொருட்களுக்கும், சோதனைகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசைக்கும் தாராளமாக மதிப்பெண் தரலாம். உடன் வரும் விளக்க அட்டைகளிடம் அதே தாராளத்தைக் காட்ட முடியவில்லை. குழந்தைக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சிலவற்றைச் சொல்லாமல் விடுவதை நான் ஏற்கிறேன்; அதற்காகவே தவறானதைச் சொல்வதை ஏற்க முடியாது. இந்த அட்டைகள் இரண்டையும் செய்கின்றன.

முதலில் பொருட்கள். கண்ணாடிச் சாமான் எதுவும் இல்லை. சோதனைக் குழாய்கள், குடுவை, புனல், சொட்டுக்குழாய் ஆகிய அனைத்தும் தடித்த பிளாஸ்டிக்கால் ஆனவை. கண்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடி பக்கவாட்டிலும் மூடியிருக்கிறது, அதன் பட்டையைச் சிறிய தலைக்கு ஏற்ப இறுக்கவும் முடிகிறது. சமையல் சோடா, சிட்ரிக் அமிலம், படிகாரம், சிவப்பு முட்டைக்கோஸ் பொடி, நுண்ணிய இரும்பு நார், பலூன்கள், மூலக்கூறு மாதிரி செய்வதற்கான உருண்டைகள், தனிம வரிசை அட்டவணை அச்சிட்ட சுவரொட்டி ஆகியவை உள்ளே இருக்கின்றன. வினிகரையும் மெழுகுவர்த்தியையும் நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். படிகம் வளர்ப்பதற்கு, நீல நிறத்தின் கவர்ச்சிக்காக மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்டை) வைக்காமல் படிகாரத்தை வைத்திருப்பது நல்ல முடிவு. மயில்துத்தம் விழுங்கினால் நச்சு, கழுவி ஊற்றினால் நீர்வாழ் உயிர்களுக்கும் கேடு. சிறுவர்கள் கையாளும் பெட்டியில் அதற்கு இடமில்லை.

இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் சோடாவும் வினிகரும் கொண்டு செய்யும் எரிமலை மாதிரியில்தான் தொடங்கும். சிவப்புச் சாயம் கலந்த நுரை பொங்கி வழிவதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். உண்மையான எரிமலையும் வினிகரால்தான் பொங்குகிறது என்று சிலர் நம்பியும் விடுவார்கள். இந்தப் பெட்டி அந்தக் கவர்ச்சியைத் தவிர்த்துவிட்டு, வாயுவும் ஒரு பொருளே என்பதில் தொடங்குகிறது. அடியில் காகிதம் செருகிய குவளையைக் கவிழ்த்து நேராக நீருக்குள் அமிழ்த்தினால் காகிதம் நனைவதில்லை. உள்ளே இருக்கும் காற்று நீருக்கு இடம் கொடுக்கவில்லை என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்கிறது. அடுத்த அட்டையில் சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடை உண்டாக்குகின்றன. அந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது என்பதால், நுரை அடங்கியதும் குடுவையை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே மெல்லச் சாய்த்தால் சுடர் அணைந்துவிடுகிறது. திரவம் ஒரு சொட்டுக்கூட விளிம்பைத் தாண்டவில்லை, கண்ணுக்குத் தெரியும் எதுவும் கொட்டவும் இல்லை, ஆனாலும் தீ அணைகிறது. பெட்டி முழுவதிலும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னது இதைத்தான். வினை நடக்கும்போது குடுவையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கும்படி அட்டை சொல்கிறது. குடுவை சில்லென்று ஆகிறது. காரணத்தை அட்டை உடனே சொல்லாமல் அடுத்த பக்கம் வரை தள்ளிப்போடுகிறது. எழுதியவருக்குக் கற்பிக்கத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்த ஓரிடம் போதும்.

அதே கை எழுதியதுதானா என்று ஐயம் கொள்ள வைக்கும் அட்டையும் உண்டு. வேதிவினையில் பொருள் அழிவதில்லை, புதிதாகத் தோன்றுவதும் இல்லை என்பதைக் காட்ட, ஒரு தேக்கரண்டி சோடாவைப் பலூனில் இட்டு, வினிகர் உள்ள குடுவையின் வாயில் மாட்டி, வினைக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்கிறார்கள். எடை மாறாது என்று அட்டை உறுதி கூறுகிறது. பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் தராசில் அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் அதற்கு ஒரு கிராம் வேறுபாடு தெரியாது. வீட்டில் இருக்கும் டிஜிட்டல் தராசில் வைத்தால் எடை குறைந்திருக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் சோடா முழுமையாக வினைபுரிந்தால் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட வாயு பலூனை உப்ப வைக்கும். உப்பிய பலூன் அந்த அளவுக்குக் காற்றை விலக்குகிறது. ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம் என்பதால், நீரில் மூழ்கிய பொருள் எடை குறைந்து தோன்றுவதைப் போலவே பலூனும் ஒரு கிராமுக்கு மேல் எடை குறைந்து தோன்றுகிறது. பொருள் எங்கும் போகவில்லை, காற்று அதைத் தாங்குகிறது. இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்க முடியும். முந்தைய சோதனையில் காற்று இடம் அடைக்கும் என்று கற்றுக்கொண்டவர்களுக்கு அது கடினமும் அல்ல. அட்டை அதைச் சொல்லாமல் விட்டதால், கவனமாக அளந்த குழந்தை தன் கண்ணை நம்புவதா, அட்டையை நம்புவதா என்று தடுமாறும்.

மெழுகுவர்த்தி அட்டைதான் மிகவும் மோசமானது. தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை வைத்துக் குவளையால் மூடினால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். மெழுகுவர்த்தி ஆக்ஸிஜனைத் தின்றுவிட்டதால் அதன் இடத்தை நீர் நிரப்புகிறது, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் என்று அட்டை முடிக்கிறது. பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம் இது, பிழையானதும்கூட. காற்றில் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 21 சதவீதம் என்பது உண்மைதான், ஆனால் அது 16 சதவீதத்தை ஒட்டிக் குறையும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். செலவான ஆக்ஸிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்ஸைடும் உண்டாகியிருக்கும். நீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம், சூடாகி விரிந்த காற்று சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதே. உற்றுப் பார்த்தால் இதற்குச் சான்று கண்முன்னே கிடைக்கும்: குவளையைக் கவிழ்த்தவுடன் விளிம்பின் அடியிலிருந்து குமிழிகள் வெளியேறும், எரியும்போது பெரிதாக ஏறாத நீர் சுடர் அணைந்த கணத்தில் விறுவிறுவென்று ஏறும். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும். குவளைக்குள் இருக்கும் ஆக்ஸிஜனின் அளவோ மாறவே இல்லை.

ஆக்ஸிஜனின் பங்கைச் சரியாகக் காட்டுவதற்கான பொருள் இதே பெட்டியில் இருப்பதுதான் வருத்தம். வினிகரில் நனைத்து உதறிய இரும்பு நாரைச் சோதனைக் குழாயின் அடியில் செருகி, குழாயை நீரில் கவிழ்த்து வைத்தால், நார் துருப்பிடிக்கும்போது ஆக்ஸிஜன் இரும்போடு சேர்ந்துவிடும். வெப்பத்தின் குறுக்கீடு இல்லாமல், ஓரிரு நாளில் நீர் குழாயின் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு வந்து நிற்கும். அட்டையோ அந்த நாரைத் திறந்த தட்டில் வைத்துத் துருவின் நிறத்தைப் பார்க்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. மெழுகுவர்த்தியை வைத்துக் குழந்தைகளுக்கு வேறு நல்ல பாடங்கள் சொல்லலாம். அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளுக்கும் மெழுகுவர்த்தி ஒன்றே பொருளாக இருந்தது. குளிர்ந்த கரண்டியைச் சுடருக்குச் சற்று மேலே பிடித்தால் அதில் நீர்த்துளி படிவதைக் காட்டினாலே, எரிதலில் நீரும் பிறக்கிறது என்று புரிந்துவிடும்.

முட்டைக்கோஸ் பொடியை நீரில் கரைத்தால் ஊதா நிறம் வருகிறது. சிட்ரிக் அமிலம் சேர்த்தால் இளஞ்சிவப்பு, சோடா சேர்த்தால் நீலம் கலந்த பச்சை. பச்சையான கரைசலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மீண்டும் ஊதாவைப் பிடிப்பது பிள்ளைகளுக்குப் போட்டியாகவே ஆகிவிட்டது. அமிலமும் காரமும் அல்லாத நடுநிலை என்பதை இதைவிட நன்றாக விளக்க முடியாது. ஆனால் சில பக்கங்களுக்கு முன்புதான், இயற்பியல் மாற்றத்தைத் திருப்பலாம், வேதி மாற்றத்தைத் திருப்ப முடியாது என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கும் விருப்பம்போல் போய் வரும் அந்தக் கரைசலே அந்த விதியை உடைக்கிறது, ஏனெனில் அந்த நிறமாற்றம் வேதி மாற்றம்தான். புதிய பொருள் உண்டானதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. திரும்புமா என்பது அதற்கு அளவுகோல் ஆகாது.

மூலக்கூறு மாதிரியில் கார்பன் கறுப்பு, ஆக்ஸிஜன் சிவப்பு, ஹைட்ரஜன் வெள்ளை. வேதியியலாளர் ஆகஸ்ட் ஹாஃப்மன் 1865இல் ஒரு சொற்பொழிவில் பயன்படுத்திய அதே நிறங்கள்தாம் இன்றும் வழக்கில் இருக்கின்றன. ஆக்ஸிஜன் உருண்டையின் துளைகள் சாய்வாக இடப்பட்டிருப்பதால் நீர் மூலக்கூறு இயல்பாகவே வளைந்து நிற்கிறது. இணைப்புக் குச்சிகளோ எல்லாம் வளையாதவை. வளையும் குச்சிகள் இல்லாமல் இரட்டைப் பிணைப்பு, அதாவது இரு அணுக்களை இரண்டு குச்சிகளால் இணைப்பது, போட முடியாது என்பதால், அது தேவைப்படும், பெட்டியின் பாதிச் சோதனைகளில் வரும் கார்பன் டை ஆக்ஸைடையே செய்ய முடியவில்லை. இது வடிவமைப்பாளர் கவனித்திருக்க வேண்டிய குறை.

படிகார எண்முகப் படிகங்கள் அழகாக வளர்ந்தன. உப்புப் படிகத்துக்கு மட்டும் சூடான கரைசலை ஆற வைத்தால் போதாது, நீர் ஆவியாகக் காத்திருக்க வேண்டும் என்று அட்டை சரியாகவே சொல்கிறது. 118 தனிமங்களும் உள்ள சுவரொட்டி பார்க்க நன்றாக இருக்கிறது, இந்த வயதில் அதற்கு மேல் பயன் இல்லை.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். பலூன், மெழுகுவர்த்தி, வேதி மாற்றம் ஆகிய மூன்று அட்டைகளின் பின்பக்கத்தைக் குழந்தைகள் படிக்கும் முன் நீங்கள் படித்துவிடுங்கள். குழந்தை தனியாகச் செய்து பழகட்டும் என்று வாங்க நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. முட்டைக்கோஸ் பொடியின் உறை ஒருமுறை கிழித்தால் மூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டிதட்டி நிறம் மங்கிவிடும் என்பதால், பிரித்த அன்றே அதை இறுகிய மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.