திருப்பூர் சூப்பர்வைசர் கிளாஸ், போலாமா வேணாமா?

கம்பெனில அனுப்பி வச்சாங்கன்னு வீக்கெண்ட் ப்ரொடக்டிவிட்டி கிளாஸுக்கு போனேன், சும்மா பிபிடி காட்டி டீ பிஸ்கட் குடுத்து அனுப்பிருவாங்கன்னு பாத்தா சார் நேரா போர்டுல கணக்கு போட ஆரம்பிச்சுட்டாரு. ஒரு தையல் லைன்ல 30 டெய்லர், 8 மணி நேரம், மொத்தம் 14,400 நிமிஷம். ஒரு டீசர்ட்டுக்கு சாம் (SAM, அதாவது ஒரு பீஸ் தைக்க கணக்கு போட்டு வச்ச நேரம்) 12 நிமிஷம், 600 பீஸ் வந்தா 7,200 நிமிஷ வேலை தான் நடந்திருக்கு, எஃபிஷியன்சி 50%. அதே லைன்ல 2 மணி நேரம் ஓடி (OT, ஓவர்டைம்) போட்டு 700 பீஸ் எடுத்தா? ஓனர் குஷியாயிடுவாரு, ஆனா 18,000 நிமிஷத்துல 8,400 நிமிஷ வேலை தான், எஃபிஷியன்சி 47% கிட்ட எறங்கிடுது, ஓடிக்கு சம்பளம் வேற டபுள்!! அவுட்புட் ஏறுனா ப்ரொடக்டிவிட்டியும் ஏறிடுச்சுன்னு அர்த்தமில்லன்னு இத விட தெளிவா யாரும் எனக்கு சொன்னதில்ல. பர்ஃபாமன்ஸ்னா இன்னும் பெருசாம், ஆல்ட்ரேஷன் (தப்பாகி திரும்ப சரி பண்ற பீஸ்) எவ்ளோ, ஷிப்மென்ட் டைமுக்கு போச்சா எல்லாம் அதுல சேரும்.

மதியத்துக்கு மேல மோட்டிவேஷன் பேச்சு, கை தட்ட சொல்றதுன்னு ஒரே மொக்க, அந்த நேரத்துல லைன் பேலன்சிங் (டெய்லருங்களுக்கு வேலைய சமமா பிரிச்சு குடுக்கறது) எடுத்திருக்கலாம். ஏசியும் ஒழுங்கா ஓடல. லைன் சூப்பர்வைசருங்க தாராளமா போங்க, எக்செல் டேஷ்போர்டு கத்துக்கணும்னா வேற எடம் பாருங்க.