நாயின் கண்ணில் சிவப்புக் கட்டியா? வெட்ட விடாதீர்கள்

பீகிள், காக்கர் ஸ்பேனியல், ஷிட்சூ, புல்டாக் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் பீகிளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் இடது கண்ணின் மூக்கோர மூலையில் செக்கச்செவேலென்று ஒரு திரட்சி பிதுங்கியது. சென்னையில் வீட்டுக்கு அருகே இருந்த தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வெறும் சதை வளர்ச்சிதான், வெட்டிவிட்டால் திரும்ப வராது” என்றார். அன்று மாலையே வெட்டியும் விட்டார். பில்லில் ‘கட்டி அகற்றல்’ என்று ஒரே வரி.

அது கட்டியே அல்ல. நாய்களுக்கு உள்மூலையில் மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதன் அடியில் உள்ள கண்ணீர்ச் சுரப்பி இடம் பிசகி வெளியே வருவதைத்தான் ‘செர்ரி ஐ’ என்கிறார்கள். கண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. சுரப்பியை உள்ளே தள்ளித் தைப்பதே முறை. முன்பு வெட்டித்தான் எறிந்தார்கள். அப்படி வெட்டிய நாய்களுக்குப் பின்னாளில் கண் வறண்டுபோனதால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. புற்று இருந்தாலொழிய வெட்டக் கூடாது. கால்நடை மருத்துவம் படித்தவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

சில மாதங்களில் அந்தக் கண்ணில் பீளை தள்ள ஆரம்பித்தது. துடைத்தால் நூலாக இழுபடும் மஞ்சள் பசை. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், கருவிழியில் பளபளப்பே இருக்காது. அதே கிளினிக்கில் சொட்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்களே தவிர, கண்ணீர் சுரக்கிறதா என்று ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

பிறகு கண் சிகிச்சையில் தேர்ந்த வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் கீழிமைக்குள் மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடம் வைத்தார். நலமான கண்ணில் அது 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். வலது கண்ணில் நனைந்தது. இடது கண்ணில் 4 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இனி ஆயுள் முழுக்க சைக்ளோஸ்போரின் களிம்பு, தினம் இரண்டு வேளை. இடையிடையே செயற்கைக் கண்ணீர்.

முதல் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்துகளில் ஒன்று டெக்சாமெத்தசோன் கலந்த ஸ்டீராய்டு என்பதும் அங்கேதான் தெரிந்தது. வறண்ட கண்ணில் எளிதில் புண் வரும். புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் அது ஆழமாகிக் கருவிழியே ஓட்டையாகலாம். ஃப்ளோரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஸ்டீராய்டு எழுதினால் ஏன் என்று கேளுங்கள். நாய் கண்ணைச் சுருக்கி மூடிக்கொண்டாலோ காலால் தேய்த்துக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

செர்ரி ஐ வந்தால், “வெட்டுவீர்களா, உள்ளே வைத்துத் தைப்பீர்களா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெட்டுவதாகச் சொன்னால் நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். தைக்கத் தெரிந்தவரைத் தேட ஓரிரு நாள் ஆனாலும் பரவாயில்லை. அதுவரை சுரப்பி காய்ந்துபோகாமலிருக்க என்ன போடுவது என்று கேட்டுக்கொண்டு, நாய் அதைத் தேய்க்காதபடி கழுத்தில் கூம்புப்பட்டை மாட்டிவையுங்கள்.