ஜாக்ஸா, ஸ்டானா: சூழலியலுக்காக பேய்சியன் படிப்பவர் எதில் தொடங்கலாம்?

களத்தில் தவளை, பறவை, புலி என்று எண்ணிக்கொண்டிருப்பவர் பேய்சியன் பக்கம், அதாவது முன்பே உள்ள நம் கணிப்பைத் தரவை வைத்துத் திருத்திக்கொள்கிற புள்ளியியல் பக்கம், வந்ததும் முதலில் குழம்புவது எந்த மென்பொருளில் தொடங்குவது என்பதில்தான். ஜாக்ஸ், ஸ்டான் இரண்டும் அப்படிப்பட்ட மாடல்களை ஓட்டும் மென்பொருள்கள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்ஸில் தொடங்குங்கள், ஸ்டானுக்கு அப்புறம் போகலாம் என்பதே என் கட்சி.

ஒரு குளத்துக்கு மூன்று இரவு போகிறீர்கள், தவளைச் சத்தமே இல்லை. தவளை இல்லையா, இருந்தும் நம் காதில் விழவில்லையா? ஜாக்ஸில் இதை நாம் யோசிக்கிற வரிசையிலேயே எழுதலாம். குளத்தில் தவளை உண்டா என்பதற்கு ஒரு வரி, விடை 0 அல்லது 1. இருந்தால் அந்த இரவு கேட்டதா என்பதற்கு இன்னொரு வரி. மாடலின் உயிர் அவ்வளவுதான்.

ஸ்டானில் இது நடக்காது. அது ஓடுவது ஹாமில்டோனியன் முறையில்: மலைச்சரிவைப் போல, நிகழ்தகவு எந்தப் பக்கம் ஏறுகிறது, இறங்குகிறது என்ற சரிவைப் பார்த்துப் பார்த்து நகரும், 0க்கும் 1க்கும் நடுவே சரிவு ஏது? அதனால் தவளை இருந்தும் மூன்று இரவும் தவறவிட்டது, தவளையே இல்லாதது என்ற இரண்டின் நிகழ்தகவையும் நாமே கூட்டி எழுதித் தர வேண்டும். குளங்களில் 60 சதவீதத்தில் தவளை உண்டு, இருந்தால் ஓர் இரவில் கேட்க 40 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். ஓர் இரவில் தவறவிட 60 சதவீத வாய்ப்பு, எனவே முதலாவது 0.6 × 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.13, இரண்டாவது 0.4. கூட்டினால் 0.53, அதில் முதலாவதன் பங்கு 0.13. ஆக, சத்தமே கேட்காத குளத்திலும் தவளை இருக்க ஏறக்குறைய 24 சதவீத வாய்ப்பு மிச்சம் இருக்கிறது! அருமையான கணக்கு, ஆனால் முதல் வாரத்திலேயே இதை நிரலாக எழுதச் சொன்னால் பலர் ஓடிவிடுவார்கள்.

ஜாக்ஸில் குறை இல்லாமல் இல்லை. அதன் நார்மல் பரவலுக்குத் திட்ட விலக்கத்தைத் தரக்கூடாது, மாறுபாட்டின் தலைகீழைத் தர வேண்டும். திட்ட விலக்கம் 2 என்றால் மாறுபாடு 4, தர வேண்டியது 1/4, அதாவது 0.25. மறந்துபோய் 2 என்றே போட்டாலும் ஓடும், தப்பான விடை தரும், ஒரு வார்த்தை சொல்லாது. ஸ்டான் திட்ட விலக்கத்தையே கேட்கும், விடை தேடி எண்களை மாதிரியெடுப்பது தடுமாறினால் எச்சரிக்கையும் தரும். அளவுருக்கள், அதாவது மாடல் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள், ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பெரிய மாடலில் ஜாக்ஸ் நகராமல் படுத்தும், ஸ்டான் அங்கே பெரும்பாலும் நன்றாக ஓடும்.

உங்கள் தரவு மரத்தின் வளர்ச்சி, விதையின் எடை மாதிரி நேரடியாக அளந்ததுதான் என்றால் நான் சொன்னதெல்லாம் பொருந்தாது. ஆரில் இருக்கும் பிஆர்எம்எஸ் (brms) தொகுப்பில் ஒரே வரி ஃபார்முலா போதும், பின்னால் ஸ்டான் ஓடிக்கொள்ளும்.

பாடத்துக்கு, ஸ்டான் பக்கம் ரிச்சர்ட் மெக்எல்ரீத்தின் வகுப்புகள் யூடியூபில் இலவசம். பிரையர், அதாவது தரவைப் பார்க்கும் முன் நாம் வைக்கிற கணிப்பு, ஏன், எதற்கு என்பது அதில்தான் நன்றாகப் புரியும், எந்தப் பக்கம் போனாலும் பாருங்கள். ஜாக்ஸ் பக்கம், சுவிட்சர்லாந்துப் பறவை ஆய்வாளர் மார்க் கேரியின் வழி: விடை தெரிந்த தரவை நாமே உருவாக்கி, மாடல் அந்த விடையைத் திருப்பித் தருகிறதா என்று முதலில் பார்ப்பது.

ஜாக்ஸில் கை பழகியதும் அதே தவளை மாடலை ஸ்டானில் எழுதி, அதே தரவைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் ஸ்டானுக்காக நாமே எழுதிய அந்த நிகழ்தகவுக் கூட்டலைத்தான் சரிபார்க்க வேண்டும்.