கணினி ஆலோசகரை அமர்த்துவது: சிங்கப்பூர் மளிகை வணிகம் ஒன்றின் நீண்டகால அனுபவம்

சிராங்கூன் சாலையை ஒட்டி இரண்டு கடைகளும், சற்றுத் தொலைவில் ஒரு கிடங்கும் கொண்ட மளிகை வணிகம் எங்களுடையது. முழுநேரக் கணினி ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வேலை இல்லாததால், பில் போடும் மென்பொருள், சரக்கிருப்புக் கணக்கு, மின்னஞ்சல், இணையத்தளம் ஆகிய அனைத்தையும் பல ஆண்டுகளாக வெளி ஆலோசகர்களிடமே ஒப்படைத்து வருகிறோம். இதுவரை அமர்த்திய மூவருமே தொழில் தெரிந்தவர்கள்தாம். அவர்களுக்கிடையிலான வேறுபாடு, ஒருவரிடமிருந்து விலகி அடுத்தவரிடம் போனபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

முதலாமவரின் ஒப்பந்தம் முடிந்தபோது, எங்கள் இணைய முகவரியைப் புதுப்பிக்கும் கணக்கு அவருடைய நிறுவனத்திடமும், மின்னஞ்சல் சேவையின் நிர்வாகி உரிமை அவருடைய சொந்த முகவரியிலும் இருந்தன. இணைய முகவரிக்கு உரியவராக எங்கள் நிறுவனமே பதிவாகியிருந்தாலும், இணைய முகவரிகளைப் பதிவுசெய்து தரும் வேறொரு நிறுவனத்துக்கு அதை மாற்றத் தேவையான குறியீட்டை அவர்தான் எடுத்துத் தர வேண்டும். அவர் எங்களை ஏமாற்றவில்லை; தொலைபேசியை எடுக்கவில்லை, அவ்வளவுதான். தீபாவளி விற்பனைக்கு முந்தைய வாரங்களில் எங்களை அலைக்கழிக்க அதுவே போதுமானதாக இருந்தது. அதற்குப் பின் வந்த இருவரிடமும், எல்லாக் கணக்குகளும் எங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், கட்டணம் எங்கள் அட்டையிலிருந்து போகும், ஆலோசகருக்குத் தனிப் பயனர் கணக்கு தரப்படும், அவர் விலகும் நாளில் அதை நாங்களே முடக்குவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். இதற்குத் தயங்குகிறவரை அமர்த்தாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கணினி நிரலின் உரிமையும் இதைச் சேர்ந்ததே. இங்குள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதும் நிரல் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வெளி ஒப்பந்தக்காரர் எழுதியதோ, நாம் பணத்தை முழுமையாகக் கொடுத்திருந்தாலும், எழுத்து மூலம் மாற்றித் தராதவரை பொதுவாக அவருக்கே உரியது. கிடங்கிலிருந்து கடைக்குச் சரக்கு நகர்வதைக் கணக்கிட இரண்டாமவர் எழுதித் தந்த சிறு நிரலுக்கு ஒரு பக்க உரிமை மாற்று ஆவணத்தில் கையொப்பம் வாங்கியிருந்தோம். மூன்றாமவர் அதைத் திருத்தி எழுத வேண்டி வந்தபோது யாரிடமும் அனுமதி கேட்க நேரவில்லை.

திறமையை எதை வைத்து மதிப்பிடுவது என்று பலரும் கேட்கிறார்கள். சான்றிதழ்களைவிட, அவர் நம்மிடம் கேட்கும் கேள்விகளையே நான் கவனிக்கிறேன். 2024 ஜனவரி 1ஆம் தேதி பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆக உயரவிருந்தபோது, இருவரிடம் விலைப்புள்ளி கேட்டோம். ஒருவர் வரி விகிதத்தை மாற்றிக் கொடுப்பதாக மட்டும் சொன்னார். இப்போது எங்களுடன் இருப்பவரோ, “டிசம்பரில் விற்ற சரக்கு ஜனவரியில் திரும்பி வந்தால் எந்த விகிதத்தில் வரியைக் கழிப்பீர்கள்?” என்று கேட்டார். பழைய விற்பனைக்குப் பழைய விகிதமே பொருந்தும் என்பதால், கணினியில் இரு விகிதங்களும் சில காலம் சேர்ந்தே இயங்க வேண்டும். உணவகங்களுக்கு மூட்டைக் கணக்கில் அரிசி விற்கும் எங்களுக்கு, திரும்பி வரும் சரக்கு அன்றாட விஷயம்.

வாடிக்கையாளர் தரவு தனிக் கவனம் பெற வேண்டியது. உறுப்பினர் அட்டைக்காக நாங்கள் வைத்திருக்கும் தொலைபேசி எண்களை ஆலோசகரும் தொலைவிலிருந்து பார்க்க முடியும். அவர் வழியாகக் கசிவு நேர்ந்தாலும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எங்கள் பொறுப்பு எங்களை விட்டுப் போகாது. கசிவால் 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டால், அறிவிக்க வேண்டிய கசிவு அது என்று மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே, சந்தேகம் எழுந்த உடனேயே எங்களிடம் சொல்ல வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறோம்.

சிறு நிறுவனங்கள் கணினித் தீர்வுகளை வாங்க அரசு தரும் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் பற்றி ஒரு சொல். விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டாலோ முன்பணம் கொடுத்தாலோ தகுதி போய்விடும். தீர்வைப் பற்றிப் பேசாமல் மானியத்தைப் பற்றியே பேசும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். பாதிச் செலவு திரும்பக் கிடைத்தாலும், மீதிப் பாதி நம் பணம்தானே!

இப்போதைய ஆலோசகரின் மாதக் கட்டணம் முன்னவர்களுடையதைவிட அதிகம். ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை, கடை சாத்திய பிறகு, காப்புநகலிலிருந்து சரக்குக் கணக்கை வேறொரு மடிக்கணினியில் மீட்டெடுத்து, அன்றைய விற்பனைத் தொகையோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார். காப்புநகல் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைத் திறந்து காட்டியவர் இவர் ஒருவரே. குறையும் உண்டு. ‘4 மணி நேரத்தில் பதில்’ என்ற அவருடைய வாக்குறுதி, அழைப்புக்குப் பதில் சொல்வதை மட்டுமே குறிக்கிறது, கோளாறைச் சரிசெய்வதை அன்று. மேலும், அவருடைய வழக்கமான சேவை திங்கள் முதல் வெள்ளி வரைதான். எங்கள் கடைகள் இருக்கும் லிட்டில் இந்தியாவில் கூட்டம் நிரம்பி வழிவதோ ஞாயிற்றுக்கிழமை. கூடுதல் கட்டணம் கொடுத்து ஞாயிறு பிற்பகல் ஐந்து மணி வரை சேவை பெறுகிறோம். அடுத்த புதுப்பிப்பில் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லப் போவதில்லை, அந்த நேரத்தை இரவு ஒன்பது வரை நீட்டிக்கத்தான் கேட்கவிருக்கிறோம்.