பூத்தறியில் கம்பளிப் பூக்கள்: பயன்படுத்திய அனுபவம்

கம்பளி நூலில் பூ செய்வதற்காக நான் வாங்கிய வட்டமான பிளாஸ்டிக் பூத்தறியில் 12 முளைகள் உள்ளன. ஒரு முளையில் மாட்டிய நூலை நடுவழியாக எதிர்முளைக்குக் கொண்டுசென்று, எட்டு வடிவில் சுற்றி, அடுத்த முளைக்கு நகர்ந்து, இவ்வாறே மூன்று சுற்றுகள் முடித்தால் இதழ்கள் உருவாகிவிடுகின்றன; ஆனால் பூவின் உறுதி நடுத்தையலில்தான் இருக்கிறது. மழுங்கிய முனையுள்ள ஊசியால் ஒவ்வோர் இதழ் இடைவெளியிலும் பின்தையல் (ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் தையல்) போட்டு இறுக்காமல் கழற்றினால், வாடிய சாமந்தியைப் போல இதழ்கள் தொங்கிவிடும்; என் முதல் பூவுக்கு அதுதான் நேர்ந்தது. தடித்த நூலைச் சுற்றும்போது மூன்றாம் சுற்றில் முளைகள் உட்பக்கம் வளைவது இக்கருவியின் பெருங்குறை. விளக்கத்தாளின் படங்களும் மிகச் சிறியவை. எனினும், குரோஷே பின்னலுக்கான கொக்கி ஊசியைப் பிடித்தறியாத எனக்கே கால் மணி நேரத்தில் ஒரு பூ கிடைத்துவிடுவதால், இதை வாங்கியதில் வருத்தமில்லை.