பிரைமரியில் மட்டும் பிரேக்கரா, இரு பக்கமுமா?

டிரான்ஸ்ஃபார்மரை அளவுமீறிய கரண்டிலிருந்து காக்க, அமெரிக்காவின் மின் விதித்தொகுப்பான என்.இ.சி. 450.3(பி)-யில் இரண்டு வழிகளைத் தருகிறது. அங்கே கடை, அலுவலகக் கட்டடங்களில் சகஜமாகப் பார்க்கும் 75 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம்: 480 வோல்ட் டெல்டா உள்ளே, 208/120 வோல்ட் ஸ்டார் வெளியே (டெல்டா, ஸ்டார் என்பவை மூன்று ஃபேஸ் இணைப்பு முறைகள்). முழு லோடில் பிரைமரி (உள்ளே வரும் பக்கம்) கரண்ட் 90 ஆம்பியர், செகண்டரி (வெளியே போகும் பக்கம்) 208 ஆம்பியர்.

பிரைமரியில் மட்டும் பிரேக்கர் என்றால், அது பிரைமரி கரண்டில் 125 சதவீதம். கணக்கில் 113 வரும். அடுத்த ஸ்டாண்டர்ட் அளவான 125 ஆம்பியர் போடலாம். செலவு குறைவுதான். ஆனால் ஸ்விட்ச் போட்டதும் பாயும் இன்ரஷ் கரண்டில் அது டிரிப் ஆகித் தொல்லை கொடுக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் செகண்டரி வயர். ஒரே ஃபேஸில், நியூட்ரலோடு, 500 ஆம்பியர் ஓடினாலும் பிரைமரியில் தெரிவது நான்கில் ஒரு பங்கு, அதாவது 125 ஆம்பியர். பிரேக்கர் அசையாது, வயர் வெந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போதுமான காவல் வயருக்கும் போதும் என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பிரைமரி பிரேக்கரே செகண்டரி வயரையும் காக்கும் என்று கொள்ளும் சலுகையை என்.இ.சி.யின் 240.21(சி)(1) இரண்டு வயர் சிங்கிள் ஃபேஸுக்கும், மூன்று வயர் டெல்டா-டெல்டாவுக்கும் மட்டுமே தருகிறது.

இரு பக்கமும் போட்டால் பிரைமரி 250 சதவீதம் வரை போகலாம்: 225 ஆம்பியர், வயரும் அதற்கேற்ற தடிமனில். செகண்டரியில் 300 வரை அனுமதி உண்டு. நானாக இருந்தால் 250 ஆம்பியர் போடுவேன், 250 கே.சி.மில் (வயரின் தடிமனைச் சொல்லும் அமெரிக்க அளவு) காப்பர் வயரே தாங்கும். பிரேக்கர் வரை அந்த வயரின் நீளம் பொதுவாக 10 அல்லது 25 அடிக்குள், அந்தந்த நிபந்தனைகளோடு இருக்க வேண்டும்.